பட்டியலில் இல்லாத சொற்கள்

பிப்ரவரி 9

அன்புள்ள மெக்கானிக்,

நலம். நீயும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் நீ பல முறை போன் செய்தாய். நான் எடுக்கவில்லை. கோபம் எதுவும் இல்லை. நாம் போனில் பேசினால் மழை பெய்ததா என்று தொடங்கி வாய்ச்சண்டையில் முடிகிறது. எழுதினால் அந்த ஆபத்து இல்லை. ஒருவர் எழுதும்போது மற்றவர் குறுக்கே பேச முடியாது. அதனால் இனி மின்னஞ்சல்தான். ஆனால் கடிதம் மாதிரியே வைத்துக்கொள்வோம்; மேலே தேதி போட்டு, கீழே பெயர் போட்டு, ஒழுங்காக.

என் அறை ஒரு தையல் கடைக்கு மேலே இருக்கிறது. காலையில் இயந்திரம் ஓடத் தொடங்கினால் என் கட்டிலின் ஒரு கால் மட்டும் நடுங்கும். அதை வைத்துத்தான் எழுந்திருக்கிறேன். தையல்காரர் நல்லவர். "ஒத்தையில இருக்கீங்க, பயமில்லயா?" என்று கேட்டார். "புத்தகம் இருக்கு" என்றேன். "அது திருடனைப் பார்த்தா சத்தம் போடுமா?" என்றார்.

வேலை நடப்பது ஒரு சமரச மையத்தில். கோர்ட்டுக்குப் போக விருப்பமில்லாதவர்கள் இங்கே வந்து மேசைக்கு இரு பக்கமும் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். நான் மூலையில் உட்கார்ந்து அதைத் தட்டச்சு செய்வேன். கடைகள், வாடகை வீடுகள், பொதுச் சுவர்கள். நேற்று இரண்டு கடைக்காரர்கள். ஒருவர், "உன் தண்ணி என் செவுத்துல ஏறுது" என்றார். மற்றவர், "செவுரு உன்னுது, சரி. தண்ணி என்னுது இல்லியே, மழையோடது" என்றார். சிரிக்காமல் தட்டச்சு செய்வது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது.

இப்போது விஷயம். அவர்கள் பேசும் வேகத்துக்கு நான் அடிப்பதால் பக்கமெல்லாம் பிழை. எங்கள் அலுவலர் அம்மா சிவப்புப் பேனாவுடன் திருப்பி அனுப்புகிறார். "உங்க வேகம் நல்லாத்தான்மா இருக்கு. ஆனா இதைப் படிச்சா ரெண்டு பேருக்கும் மறுபடி சண்டை வந்துடும்" என்றார். இந்த வேலை தற்காலிகம். மே மாதத்துக்குள் என் பக்கங்கள் சுத்தமாக வந்தால் நிரந்தரமாக்குவார்கள். ஆபீஸ் கணினி கிழம். பெரிய மென்பொருள் எதுவும் ஏறாது. என் லேப்டாப்பில் நீ போட்டுக் கொடுத்த அதே சாதாரண எடிட்டர்தான் இதிலும் இருக்கிறது. அதில் பிழையான சொல்லுக்குக் கீழே கோடு போடும்படி சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுத முடியுமா? கோடு மட்டும் போதும். திருத்த வேண்டாம். திருத்துவது என் வேலை.

இந்த வேலை நிலைத்தால் நான் இங்கேயே தங்கிவிடக்கூடும். அது தெரிந்துதான் கேட்கிறேன். முடியாது என்றாலும் நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

பூச்சி


பிப்ரவரி 12

அன்புள்ள புத்தகப்பூச்சிக்கு,

முழுப்பெயரில் எழுதியிருக்கிறேன். கடிதம் என்றால் மரியாதை வேண்டுமல்லவா.

ஸ்கிரிப்ட் இணைத்திருக்கிறேன். இருபது சொச்சம் வரிகள்தான். அது செய்வது இவ்வளவுதான்: நீ ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் உன் பக்கத்தைச் சொல் சொல்லாகப் பிரிக்கும். ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறேன், வரிக்கு ஒரு சொல்லாக. உன் சொல் அந்தப் பட்டியலில் இருந்தால் விட்டுவிடும். இல்லாவிட்டால் கீழே சிவப்புக் கோடு. பட்டியலில் இல்லாத சொற்களையெல்லாம் 'தெரியாதவை' என்ற தனி ஃபைலில் அகரவரிசையில் சேர்த்துவைக்கும். அதை வைத்துப் பட்டியலை வளர்க்கலாம். ஆபீஸ் கணினியிலும் போடு, லேப்டாப்பிலும் போடு. இரண்டுக்கும் ஒரே ஸ்கிரிப்ட்தான்.

சின்ன வசதி ஒன்றும் சேர்த்திருக்கிறேன். கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும் சொல் பட்டியலில் இருந்தால், அதுவே மாற்றிவிடும். உனக்கு வேலை மிச்சம்.

அம்மா பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னடா பண்ற?" என்றாள். சொன்னேன். "அவ அங்கயே தங்கறதுக்கு நீயே வழி பண்ணிக் குடுக்கறியா? உனக்கு மண்டையில ஏதாவது இருக்கா?" என்றாள். "இருக்குமா. ஆனா கேட்டது அவ" என்றேன். குனிந்து திரையைப் பார்த்தாள். பிறகு, "கோடு சிவப்பா வேணாம்டா. கண்ணு வலிக்கும் அந்தப் பொண்ணுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் கேட்கவில்லை. சிவப்புதான் தெளிவாகத் தெரியும்.

நீ ஏன் போனாய் என்று கேட்கமாட்டேன் என வாக்குக் கொடுத்திருக்கிறேன். கேட்கவில்லை. இது கேள்வி இல்லை, சும்மா ஒரு குறிப்பு. காரணம் தெரியாமலே ஒருவன் சமைத்து, துவைத்து, வேலைக்குப் போய் வர முடிகிறது என்ற தகவலுக்காக.

மெக்கானிக்


பிப்ரவரி 20

அன்புள்ள மெக்கானிக்,

ஸ்கிரிப்ட் வேலை செய்கிறது. அதுதான் பிரச்சினை.

முதலில் கோடுகள். பக்கத்தைச் சேமித்தேன். தக்காளிக் கூடை கவிழ்ந்த மாதிரி ஆகிவிட்டது. உன் பட்டியலுக்கு 'சுவர்' தெரிகிறது. 'சுவரில்' தெரியவில்லை. 'சுவரிலிருந்து', 'சுவரிலிருந்துதானே' எல்லாம் அதற்கு அந்நியர்கள். நம் ஆட்கள் யாராவது வெறும் 'சுவர்' என்று சொல்லிவிட்டு நிறுத்துவார்களா?

அடுத்தது உன் சின்ன வசதி. அந்த இரண்டு கடைக்காரர்களின் பதிவில் 'எதிர்க்கடைக்காரர்' என்று வந்த இடத்திலெல்லாம் அது 'எதிரி' என்று மாற்றிவைத்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. அலுவலர் அம்மா சத்தமாக வாசித்தார்: "என் எதிரி காலையில் கடை திறக்கும்போது." இருவரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள். "எதிரின்னு நான் எப்பங்க சொன்னேன்? இருபது வருஷப் பழக்கம்ங்க எங்களுக்கு" என்றார் ஒருவர். "அதானே, யாரு இதை எழுதினது?" என்றார் மற்றவர். என்னைத் திட்டுவதில் இருவரும் ஒன்று சேர்ந்து, அந்தச் சூட்டிலேயே சமரசமாகி, ஒரே குடையில் கிளம்பிப் போனார்கள். அலுவலர் அம்மா என்னைப் பார்த்து, "இதை வழக்கமா வெச்சுக்காதீங்க" என்றார்.

சிரித்துவிட்டேன். ஆனால் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். திருத்த வேண்டாம் என்று எழுதியிருந்தேன். நீ அதைப் படித்தாய். படித்த பிறகும் செய்தாய், எனக்கு நல்லது என்று.

உனக்கு எழுதிக் கேட்டுக் காத்திருக்கப் பொறுமை இல்லை. ஸ்கிரிப்டைத் திறந்து நானே வாசித்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. மூன்றாம் முறை வாசிக்கும்போது யார் என்ன செய்கிறார்கள் என்று பிடிபட்டது. மாற்றும் வரியைக் கண்டுபிடித்து அதன் முன்னால் ஒரு # குறி போட்டேன். அந்தக் குறி இருந்தால் கணினி அந்த வரியைத் தாண்டிவிடும். உன் வசதி வாயை மூடிக்கொண்டது. சாயங்காலம் முழுக்க எனக்கு நடை கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

பூச்சி


பிப்ரவரி 23

அன்புள்ள பூச்சி,

என் ஸ்கிரிப்டில் கை வைத்துவிட்டாய். முதலில் ரோஷம் வந்தது. பிறகு நீ # போட்டாய் என்பதை ஆபீசில் இரண்டு பேரிடம் சொன்னேன். மூன்றாவது ஆளிடம் சொல்லப் போனபோது, "காலையிலயே சொல்லிட்டீங்க சார்" என்றான்.

நீ எழுதியது சரி. நீ கேட்டது ஒன்று, நான் கொடுத்தது ஒன்று. மாற்றும் பகுதியையே வெட்டி எறிந்துவிட்டேன்.

சுவர்ப் பிரச்சினைக்கு ஒரு வழி செய்திருக்கிறேன். சொல் பட்டியலில் இல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் அதன் வாலை வெட்டிப் பார்க்கும். 'தானே' போனால் என்ன மிஞ்சுகிறது, 'இருந்து' போனால் என்ன மிஞ்சுகிறது என்று ஒவ்வொன்றாக. கடைசியில் சுவர் தட்டுப்பட்டால் கோடு போடாது. ஆனால் எந்தெந்த வால்களை வெட்டுவது என்று நான் இங்கே உட்கார்ந்து கற்பனை செய்ய முடியாது. உங்கள் ஆட்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். அந்த 'தெரியாதவை' ஃபைலை அனுப்பு. சொற்கள் மட்டும்தானே, வாக்கியம் இல்லை.

வீட்டில் எல்லாம் அப்படியே. பின்னறையை என் வேலை அறையாக்கிவிட்டேன். காலியாகத்தானே கிடந்தது. காலையில் வெயில் நன்றாக வருகிறது.

அம்மா உன்னை விசாரித்தாள் என்று எழுதச் சொன்னாள். கோடு என்ன நிறம் என்றும் கேட்கச் சொன்னாள்.

மெக்கானிக்


மார்ச் 4

அன்புள்ள மெக்கானிக்,

ஃபைலை அனுப்பலாமா என்று அலுவலர் அம்மாவிடம் கேட்டேன். இங்கே பேசுவது எதுவும் வெளியே போகக்கூடாது என்பது விதி. அவர் ஃபைலை மேலிருந்து கீழே வரை பார்த்தார். "வாக்கியம்தான்மா ஆளோடது. சொல்லு எல்லாருக்கும் பொது. பேரு, ஊரு எல்லாம் எடுத்துட்டு அனுப்புங்க" என்றார். எடுத்துவிட்டேன். இணைத்திருக்கிறேன்.

என்னை மாடியில் வேறு அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே நடப்பதைப் பற்றி எழுத மனம் வரவில்லை. வேலை அதிகம். பக்கங்களில் சிவப்பு குறைந்திருக்கிறது.

உன் மேசையைப் பின்னறையில் எந்தப் பக்கம் போட்டிருக்கிறாய்? ஜன்னலுக்குக் கீழேயா?

அத்தையிடம் நீல நிறமாக மாற்றிவிட்டேன் என்று சொல். நானேதான் மாற்றினேன்.

பூச்சி


மார்ச் 9

பூச்சி,

நீ தவறான ஃபைலை அனுப்பிவிட்டாய்.

தவறு என்னுடையது. இரண்டு கணினிகளிலும் ஒரே பெயரில் ஃபைல் உண்டாகும்படி எழுதியிருக்கிறேன். மென்பொருள் தொழிலில் இத்தனை காலம் இருப்பவன் அப்படிச் செய்யக்கூடாது. நீ அனுப்பியது ஆபீஸ் கணினியில் சேர்ந்தது இல்லை. உன் லேப்டாப்பில், நீ உனக்காக எழுதுகிறவற்றிலிருந்து சேர்ந்தது. சுவர், வாடகை, மழைத்தண்ணீர் எதுவும் இதில் இல்லை.

பார்த்ததும் மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. நம் மொழியில் ஒரு சொல்லே பாதி வாக்கியமாக இருக்கிறது. இல்லாவிட்டால் தப்பித்திருப்பேன். நான் வாசித்தது உனக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது என்பதால் எழுதுகிறேன். வாசித்த பிறகு பதில் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

'அம்மாபக்கமேபேசுவாரென்று.' ஆமாம். உங்கள் இருவருக்கும் நடுவில் ஏதாவது வந்தால், அம்மாவுக்கு வயதாகிவிட்டது, உனக்குப் புரியும் என்று உன்னிடமே வந்து நிற்பேன். புரிந்துகொள்கிறவளுக்கே எப்போதும் வேலை வைத்தேன். என்னை 'அவர்' என்று மரியாதையாக எழுதியிருக்கிறாயே, அதைப் பார்த்துத்தான் நிஜமாகவே பயந்துபோனேன்.

'குறட்டைவிடுவதால்.' டாக்டரைப் பார்க்கிறேன்.

'கேட்டதேயில்லையென்று.' எதைக் கேட்டதில்லை என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்கிறேன்.

'சாப்பிட்டாயாவென்றுகூட.' நான் தினமும் கேட்டதாகத்தான் நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், நான் கேட்டது 'சாப்பாடு ஆச்சா' என்று. அது அடுப்பைப் பற்றிய கேள்வி. உன்னைப் பற்றியது இல்லை.

'மீன்தொட்டியைக்கூட.' இதுதான் எனக்குப் புரியவே இல்லை. நம் வீட்டில் மீன்தொட்டி இருந்ததே இல்லை. உனக்கு அந்த ஆசை இருந்திருக்கிறது, ஒரு நாளாவது சொல்லியிருப்பாய், என் காதில் விழவில்லை. நேற்று வாங்கிவிட்டேன். ஐந்து மீன்கள். அம்மா, "பூனை மாதிரி அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காதடா" என்கிறாள்.

'திரும்பிவரமாட்டேனென்று.' இது வரிசையில் முன்னாலேயே வந்துவிட்டது. கடைசிக்கு ஒதுக்கிவைத்தேன். உன் முடிவு அதுதான் என்றால் நீ அதை என் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டிய கஷ்டம் இனி இல்லை. நான் தெரிந்துகொண்டுவிட்டேன்.

புது ஸ்கிரிப்டை இணைத்திருக்கிறேன். வால்களை நன்றாக வெட்டுகிறது. உனக்கு வேலை நிரந்தரமாகிவிடும், சந்தேகமே வேண்டாம். உன் புத்தகங்களையும் மற்ற சாமான்களையும் எப்போது அனுப்ப வேண்டும் என்று எழுது. அட்டைப்பெட்டிகள் வாங்கிவைக்கிறேன்.

மெக்கானிக்


மார்ச் 11

அன்புள்ள மெக்கானிக்,

முதல் வேலையாக, அட்டைப்பெட்டி எதுவும் வாங்காதே.

நான் அனுப்பியது சரியான ஃபைல்தான். ஆபீஸ் ஃபைல். என்னை மாற்றியிருப்பது கணவன் மனைவி வழக்குகள் நடக்கும் அறைக்கு. சேர்ந்திருப்பதா பிரிவதா என்று பேச வருகிறவர்கள். வீட்டைவிட்டு வந்து தனியாக இருக்கும் நான் அதை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். எழுதியிருந்தால் உன் வீட்டில் ஐந்து மீன்கள் இருந்திருக்காது. மீன்தொட்டி யாருடையது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நம்முடையது இல்லை, அவ்வளவுதான். குறட்டையும் வேறு ஒருவருடையது. நீ குறட்டை விடுவது உண்மை, ஆனால் அதற்காக யாரும் மாடி ஏறி வரமாட்டார்கள்.

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். மீன் வந்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பிறகு முகம் கழுவப் போய்விட்டேன். கூட வேலை பார்க்கிறவள் வந்து, "சிரிச்சியா அழுதியா?" என்றாள். "வரிசையா" என்றேன்.

நீ என்ன செய்திருக்கிறாய் தெரியுமா? எத்தனையோ பேருடைய குறைகளுக்கு நீ ஒருவன் பொறுப்பேற்றுப் பதில் எழுதியிருக்கிறாய். அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் எதிரே இருப்பவர் வாயிலிருந்து வராதா என்று வருஷக்கணக்காகக் காத்திருக்கும் பதில்கள் அவை. இங்கே ஒருவரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோரும் "நான் எப்ப அப்படிப் பண்ணேன்?" என்றுதான் தொடங்குகிறார்கள். சாப்பாடு ஆச்சா என்பது அடுப்பைப் பற்றிய கேள்வி என்று நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தக் குறை எனக்கு இருந்ததில்லை. ஆனால் இருந்திருந்தால் அதோடு தீர்ந்திருக்கும்.

என்னுடையது அந்தப் பட்டியலில் இல்லை. நான் அதை எங்கேயும் தட்டச்சு செய்ததில்லை. இப்போதுதான் செய்கிறேன்.

என் அப்பா இறந்த மறுநாள். எல்லோரும் கிளம்பிய பிறகு நான் தூங்கிவிட்டேன். எழுந்து அவர் படுத்திருந்த பின்னறைக்குப் போனேன். அறை காலியாக இருந்தது. கட்டிலை மடித்துச் சுவரில் சாய்த்திருந்தாய். போர்வை துவைத்துக் கொடியில் கிடந்தது. மாத்திரைகள் இல்லை. தலையணை இல்லை. தரையில் பினாயில் வாசனை. நீ ஈரக் கையோடு நின்று, "நீ எழுந்திருக்கறதுக்குள்ள முடிச்சிடணும்னு பார்த்தேன்" என்றாய். நான், "நல்லா இருக்கு" என்றேன். பிறகு பல நாள் என் சித்தி எல்லோரிடமும், "மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அந்த அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் தூங்கினேன். அந்தப் போர்வையில், அந்த வாசனையில், ஒன்றும் செய்யாமல். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். உட்கார இடம் இல்லாமல் போய்விட்டது.

உன்மேல் கோபப்பட முடியவில்லை. நல்லது செய்கிறவன் மேல் எப்படிக் குறை சொல்வது? யாரிடம் சொன்னாலும் எனக்குத்தான் புத்தி மாறிவிட்டது என்பார்கள். அதனால் சொல்லவில்லை. பிறகு நீ எனக்காகச் செய்த ஒவ்வொன்றையும் பார்த்து மூச்சு முட்டத் தொடங்கியது. வேறு ஊரில் ஒரு வேலை வந்தது. வந்துவிட்டேன்.

நீ கேட்காமலிருந்த கேள்விக்கு இதுதான் பதில்.

பூச்சி


மார்ச் 16

அன்புள்ள பூச்சி,

இந்தக் கடிதம் தாமதமாகிவிட்டது. எழுதியதையெல்லாம் அழித்துக்கொண்டே இருந்தேன். முதலில் எழுதியதில் நான்கு யோசனைகள் இருந்தன. கட்டிலைத் திரும்ப விரிப்பது, மேசையை வெளியே எடுப்பது, அப்படி. நிஜமாகவே மேசையைத் தூக்கப் போனேன். அம்மா, "அதை எங்கடா தூக்கிட்டுப் போற?" என்றாள். நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அந்தப் பொண்ணு உன்கிட்ட விஷயத்தைத்தானே சொன்னா, வேலையா சொன்னா?" என்றாள். மேசையைக் கீழே வைத்துவிட்டேன்.

அதனால் இதில் யோசனை எதுவும் இல்லை.

உனக்காகத்தான் அந்த அறையைச் சுத்தம் செய்தேன் என்று இவ்வளவு நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. உன் அப்பா என்னிடம் தினமும் பேப்பர் படிக்கச் சொல்வார். நான் தப்பாகப் படிக்கிறேனா என்று கவனிக்க மாட்டார். குரல் கேட்டால் போதும் அவருக்கு. அன்று காலையில் நான் அந்த அறைக்குள் போனபோது அவர் கண்ணாடி தலையணைமேல் இருந்தது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கையில் ஏதாவது வேலை இருந்தால்தான் நிற்க முடியும் போலிருந்தது. அதனால் துடைத்தேன், துவைத்தேன். உன்னிடம் கேட்காமல் உன் அப்பாவின் அறையில் நான் என் துக்கத்தை முடித்துக்கொண்டேன். உனக்கு மிச்சம் வைக்கவில்லை.

இதை எப்படிச் சரிசெய்வது என்று எனக்குத் தெரியவில்லை. சரிசெய்யக் கூடியது இல்லை என்றும் தோன்றுகிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். விருப்பமிருந்தால் சொல். அந்த அறையில் என்னென்ன இருந்தன? எல்லாவற்றையும் எடுத்தவன் நான். ஆனால் ஒன்றையும் சரியாகப் பார்க்கவில்லை. நீதான் தினமும் பார்த்தவள். நீ எழுதும்போது நான் குறுக்கே பேச முடியாது என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

மெக்கானிக்


ஏப்ரல் 2

அன்புள்ள மெக்கானிக்,

ஜன்னல் கம்பியில் ஒரு துண்டு. எப்போதும் பாதி ஈரமாக இருக்கும். கட்டிலுக்குக் கீழே செருப்பு, நடக்க முடியாமல் போன பிறகும் வாசலைப் பார்த்து வைத்திருப்பார். ரேடியோ, அதன் பின்மூடி போய்விட்டதால் ரப்பர் பாண்டு போட்டுக் கட்டியிருந்தோம். தண்ணீர்ச் செம்புக்கு மேல் மூடியாக என் பழைய பரிசுத் தட்டு. சுவரில் அவர் தலை சாய்கிற இடத்தில் எண்ணெய்க் கறை, கிட்டத்தட்ட வட்டமாக. அதையும் துடைத்துவிட்டாய். நன்றாகத் துடைத்திருந்தாய், நான் வெளிச்சம் வைத்துத் தேடியும் கிடைக்கவில்லை.

இதை எழுத இவ்வளவு நாளாயிற்று. ஒவ்வொரு சாயங்காலமும் இரண்டு வரி எழுதி நிறுத்திவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை ரேடியோவுக்கு வந்தபோதுதான் ஒரு பாடு அழுதேன். கீழே தையல் இயந்திரம் நின்றுவிட்டது. தையல்காரர் படியில் நின்றுகொண்டு, "எல்லாம் சரியா இருக்காம்மா?" என்றார். "இருக்குங்க, நீங்க தைங்க" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தைத்தார். இதற்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் போல.

உன் துக்கம் எனக்குத் தெரியாது. நீ பேப்பர் படித்துக் காட்டியது தெரியும்; அது உனக்கு அவ்வளவு பெரியது என்று தெரியாது. நானும் உன்னிடம் கேட்டதில்லை.

வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். மே வரை காத்திருக்கவில்லை. அலுவலர் அம்மா, "உங்க பக்கத்துல இப்ப நான் தேடினாக்கூட ஒண்ணும் மாட்டமாட்டேங்குது, போரடிக்குது" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த அறையில் யாராவது ஒருவர், நீ எழுதியதில் ஒரு வரியையாவது எதிரே இருப்பவரிடம் சொல்லிவிடமாட்டார்களா என்று காத்துக்கொண்டு தட்டச்சு செய்கிறேன். நேற்று ஒருவர் சொன்னார். பெரிதாக ஒன்றும் இல்லை, "நான் அப்ப கவனிக்கல" என்றார். எதிரே இருந்த அவர் மனைவி கைப்பையை மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். நான் அதையும் பதிவில் சேர்த்தேன். அலுவலர் அம்மா வெட்டவில்லை.

நான் அங்கே திரும்பி வரவில்லை. நீ இங்கே வா. உன் வேலையை எங்கிருந்தும் செய்யலாம் என்று நீதான் பெருமை அடித்துக்கொள்வாய். மீன்களை அத்தை பார்த்துக்கொள்வார். அவருக்கும் பூனை மாதிரி உட்கார்ந்து பார்க்க ஆசைதான், உன்னால்தான் இடம் கிடைக்கவில்லை. எத்தனை நாள் என்று இப்போது எழுத எனக்குத் தெரியவில்லை. ஆனால் திரும்பிப் போகும் டிக்கெட்டை அங்கிருந்தே எடுத்துக்கொண்டு வராதே.

நீ வருவது வேலை நாளாக இருந்தால் ஸ்டேஷனுக்கு நான் வர முடியாது. வெளியே வந்து இடது பக்கம் நட. மருந்துக்கடை தாண்டியதும் குறுகலான ஒரு தெரு, அதன் பாதியில் தையல் கடை. சாவியை அவரிடம் கொடுத்திருப்பேன். "நீங்கதானா அவரு?" என்று கேட்பார். ஆமாம் என்று சொல். படி செங்குத்தாக இருக்கும், பையை முன்னால் பிடித்துக்கொள்.

கதவைத் திறந்தால் அறை அலங்கோலமாகக் கிடக்கும். தட்டுகள் கழுவாமல் இருக்கும். துணி நாற்காலியில் குவிந்திருக்கும். புத்தகங்கள் தரையில், நான் விட்ட இடத்தில், கவிழ்த்தபடி. எதையும் தொடாதே. நாற்காலித் துணியை மட்டும் கட்டிலுக்குத் தள்ளிக்கொள், அதற்கு அனுமதி உண்டு. நான் ஆறு மணிக்கு மேல்தான் வருவேன். அதுவரை உட்கார்ந்திரு.

பூச்சி